ஆல்கஹால் மூடியைத் திறக்கும் முன்: உங்க தட்டு அரக்கா, வினைலா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேசின நடையை அப்படியே விட்டுட்டு, திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் வெட்டியிருக்கோம்.)

டர்ன்டேபிள் வாங்குறது பத்தி ஒரு எபிசோடு பண்ணினோம்ல, அதுக்கப்புறம் இன்பாக்ஸ்ல வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "வீட்டுப் பரண்ல ஒரு பெட்டி நிறைய பழைய ரெக்கார்டு இருக்கு, எப்படி க்ளீன் பண்றது?" ஒருத்தர் போட்டோவே அனுப்பியிருந்தார். மேல ரெண்டு எல்.பி. அதுக்குக் கீழே பிரவுன் பேப்பர் உறையில பத்துப் பன்னிரண்டு தடிமனான தட்டு. கூடவே, "யூடியூப்ல ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கச் சொல்றாங்க, வாங்கிட்டேன் ப்ரோ, ஆரம்பிக்கலாமா?"

ப்ரோ, அந்த மூடியைத் திறக்காதீங்க.

ஏன்னு சொல்றேன். அந்த போட்டோவுல இருக்கறது ரெண்டு வேற வேற பொருள். மேல இருக்கற எல்.பி. வினைல், அதாவது பி.வி.சி. குடும்பத்துப் பிளாஸ்டிக். கீழ இருக்கற தடிமனான 78 தட்டுகள் பிளாஸ்டிக்கே கிடையாது. அது அரக்கு. மகாபாரதத்துல பாண்டவர்களைத் தங்க வச்சுக் கொளுத்தப் பார்த்தாங்களே அரக்கு மாளிகை, அதே அரக்குதான். மரக்கிளையில ஒட்டி வாழ்ற ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். அதைச் சுத்தம் பண்ணினா ஷெல்லாக். அந்தக் காலத்துல உலகத்துக்கே ஷெல்லாக் ஏற்றுமதி பண்ணின பெரிய சப்ளையர் நம்ம நாடுதான். ஷெல்லாக்கோட கல் மாவு, கரித்தூள், கொஞ்சம் பஞ்சு நார் எல்லாம் கலந்து, சூடாக்கி, அச்சுல அழுத்தினா 78 ரெடி.

இப்போ, பழைய தேக்கு அலமாரிக்கு பாலிஷ் போடற ஆசாரி யாராவது தெரிஞ்சா அவர்கிட்ட கேளுங்க. அரக்குச் செதிளை எதுல கரைப்பீங்கன்னு. "ஸ்பிரிட்"னு சொல்வார். ஸ்பிரிட்னா ஆல்கஹால். நீங்க ஐசோப்ரொப்பைல் ஊத்தி 78-ஐத் துடைக்கும்போது, அரக்கை அதைக் கரைக்கிற திரவத்தாலேயே தேய்க்கிறீங்க. துணியில கருப்பா வரும். "அடேயப்பா, எவ்ளோ அழுக்கு!"ன்னு நினைப்பீங்க. அழுக்கு இல்லைங்க அது, பாட்டு. இதுக்கு அன்டூ கிடையாது.

அதனால நம்ம வேலையில சொல்ற மாதிரி, எந்த கமாண்டையும் அடிக்கறதுக்கு முன்னாடி எந்த மெஷின்ல நிக்கறோம்னு பார்த்துக்கணும். ரெக்கார்டுல முதல் ஸ்டெப் க்ளீனிங் இல்லை, அடையாளம் கண்டுபிடிக்கறது.

லேபிளைப் பார்த்து முடிவு பண்ணிடலாம்னு நினைக்காதீங்க. கிராமபோன் முன்னாடி உக்காந்திருக்கற அந்த எச்.எம்.வி. நாய் அரக்குத் தட்டுலயும் இருக்கு, வினைல்லயும் இருக்கு. வருஷமும் முழுசா கை கொடுக்காது. அமெரிக்காவுல கொலம்பியா கம்பெனி 1948-லயே எல்.பி.யைக் கொண்டு வந்துடுச்சு. நம்ம ஊர்ல 78 தட்டுகள் 1960கள்லயும் வந்துக்கிட்டே இருந்தது. பீட்டில்ஸ் பாட்டுகூட இந்தியாவுல 78-ஆ வந்திருக்கு, இன்னிக்கு உலகம் முழுக்க கலெக்டர்கள் அதைத் தேடி அலையறாங்க.

பார்க்க வேண்டியது இது. லேபிள்ல வேகம் போட்டிருந்தா, 78-ன்னா அரக்குன்னே வச்சுக்கோங்க. 33⅓, 45-ன்னா வினைல். வேகம் போடலைன்னா, ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பாட்டு, பத்து இன்ச் அகலம், கையில எடுத்தா சைஸுக்குச் சம்பந்தமில்லாத கனம், ஓரம் தடிமன். நகத்தால லேசா தட்டினா பீங்கான் தட்டைத் தட்டின மாதிரி 'டங்'குன்னு கேட்கும். வினைல் மந்தமா 'தொப்'புன்னும். தயவு செஞ்சு வளைச்சுப் பார்க்காதீங்க. அரக்கு வளையாது, உடையும். சந்தேகமாவே இருக்கா? அரக்குன்னே நினைச்சுக்கோங்க. வினைலை அரக்கு மாதிரி பார்த்துக்கிட்டா ஒண்ணும் ஆகாது. மாத்திப் பண்ணினாதான் வினை.

அபூர்வமா மூணாவது வகை ஒண்ணும் வரலாம். நடு ஓட்டையை உத்துப் பார்த்தா உள்ளே அலுமினியம் மின்னும், லேபிள் அச்சடிக்காம கையால எழுதியிருக்கும். ரேடியோ நிலையத்துலயோ ஸ்டூடியோவுலயோ நேரடியா வெட்டின லாக்கர் தட்டு அது. மேல வெள்ளையா மாவு பூத்திருந்தா பூஞ்சைன்னு நினைச்சுத் துடைக்காதீங்க. லாக்கர் பூச்சுக்குள்ள இருக்கற எண்ணெய் வருஷக்கணக்குல சிதைஞ்சு வெளியே வர்றதால அப்படி ஆகும். பூச்சே உரிஞ்சு வர்ற நிலையில இருக்கலாம். பெரும்பாலும் அந்த ஒரே ஒரு காப்பிதான் இருக்கும். அதை அப்படியே உறைக்குள்ள வச்சு, ஒரு ஆவணக் காப்பகத்தைத் தேடிப் பிடிங்க.

"பழைய பாட்டெல்லாம் ஆன்லைன்ல இருக்கே, ஒரு தட்டு போனா என்ன?"ன்னு கேட்கலாம். எல்லாம் இல்லை. இருக்கறதும் எங்கிருந்து வந்துச்சுன்னு பாருங்க. டேப் ரெக்கார்டர் நம்ம ஊருக்குப் பரவலா வர்றதுக்கு முன்னாடி பாடினவங்க விஷயத்துல, மாஸ்டர் டேப்னு ஒண்ணு எங்கேயோ பத்திரமா இருக்கும்ங்கற பேச்சுக்கே இடமில்லை. என்.சி. வசந்தகோகிலம் 1951-ல, ரொம்பச் சின்ன வயசுலயே இறந்துட்டாங்க. அவங்க குரல் நமக்குக் கிடைக்கிறதே பெரும்பாலும் 78 தட்டுகள் வழியாத்தான். ஒரு பக்கம் மூணு, மூணரை நிமிஷம். கச்சேரியில அரை மணி நேரம் பாடறதை அந்த மூணு நிமிஷத்துக்குள்ள மடிச்சு வச்சாங்க. வி.ஏ.கே. ரங்காராவ் மாதிரி சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்குல சேர்த்து வச்சதாலதான் இதுல நிறைய தப்பிச்சுது. உங்க பரண்ல இருக்கற தட்டு எத்தனாவது காப்பின்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பேக்கப் இருக்கா இல்லையான்னு தெரியாத டேட்டாபேஸ்ல எப்படிக் கை வைப்பீங்களோ, அப்படி வைங்க.

சரி, இப்போ அழுக்கு என்ன பண்ணுதுன்னு பார்ப்போம். எல்.பி.யில இருக்கற அந்த வரிப்பள்ளம், குரூவ், சுமார் 0.05 மில்லிமீட்டர் அகலம். மெல்லிசான ஒரு தலைமுடி அளவு. 'வி' எழுத்து மாதிரி ரெண்டு சுவர். ஸ்டீரியோவுல ஒரு சுவர்ல இடது சேனல், இன்னொரு சுவர்ல வலது சேனல். ஊசி நுனியோட ஆரம் 0.018 மில்லிமீட்டர் பக்கம். ஊசி மேல நீங்க வைக்கிற எடை ரெண்டு கிராம்தான், ஆனா அது சுவரைத் தொடற இடம் ரொம்ப ரொம்பச் சின்னது. அதனால அந்த இடத்துல அழுத்தம் பயங்கரமா இருக்கும். நடுவுல ஒரு மணல் துகள் மாட்டினா, ஊசி அதைச் சுவர்ல வச்சு அழுத்திட்டுப் போகும். அழுக்கோட ஒரு தடவை கேட்டுட்டு அப்புறமா கழுவலாம்னு இருந்தா, அந்த 'ஒரு தடவை'யில போனது கழுவினாலும் வராது. கழுவிட்டுக் கேளுங்க.

முதல்ல எப்பவும் உலர் துடைப்பு. மேல தூசி இருக்கும்போதே தண்ணி விட்டா தூசி சேறாகி நேரா குரூவுக்குள்ள உக்காரும். கார்பன் ஃபைபர் பிரஷ் இருந்தா நல்லது. இல்லைன்னா புதுசா வாங்கின, ரொம்ப மெத்துன்னு இருக்கற ஒரு பிரஷ். பிளேட்டைச் சுத்தி, குரூவ் ஓடற திசையிலேயே போகணும். நடுவுலேர்ந்து ஓரத்துக்குக் குறுக்கா இழுக்கறது வேணாம். அதிகம் அழுக்கில்லாத தட்டுக்கு இதோடவே வேலை முடிஞ்சிடும். மேல படிக்காம எழுந்து போயிடலாம்.

தண்ணி தேவைப்பட்டா, அது எந்தத் தண்ணிங்கறதுதான் விஷயம். சென்னை போர்வெல் தண்ணி பக்கெட் ஓரத்துல வெள்ளையா படிய விடும்ல, அதே உப்பு குரூவுக்குள்ளயும் படியும். ஆர்.ஓ. தண்ணியிலயும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்க. பேட்டரி கடையிலயே கேன்ல கிடைக்கும். லேபிளைப் படிச்சு வாங்கணும், ஏன்னா பக்கத்து ஷெல்ஃப்லயே பேட்டரி ஆசிட்டும் அதே மாதிரி கேன்ல நிக்கும்.

வெறும் தண்ணி வினைல் மேல முத்து முத்தா நிக்கும், குரூவுக்குள்ள இறங்காது. இறங்க வைக்க ஒரு சர்ஃபேக்டன்ட் வேணும். அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் டெர்ஜிட்டால்னு ஒண்ணை, டிஸ்டில்டு வாட்டர்ல ரொம்பக் கொஞ்சமா கலந்து பயன்படுத்துறாங்க. நம்ம வீட்டு அளவுக்கு, வாசனையும் கலரும் இல்லாத மைல்டான லிக்விட் சோப் ஏதாவது, ஒரு லிட்டருக்கு ரெண்டு மூணு சொட்டு போதும். நுரை வரணும்னு அவசியமே இல்லை. எலுமிச்சை வாசனை வர்ற பாத்திர லிக்விட் வேணாம். வாசனைக்கும் நிறத்துக்கும் சேர்த்தது எல்லாம் குரூவுலதான் தங்கும்.

எல்.பி.யை டர்ன்டேபிள் மேல வச்சுத் தேய்க்காதீங்க, பேரிங்குக்கு அந்த அழுத்தம் ஆகாது. மேஜை மேல சுத்தமான டவல் விரிச்சு, அது மேல வைங்க. மைக்ரோஃபைபர் துணியை அந்தக் கலவையில நனைச்சுப் பிழிஞ்சுட்டு, லேபிளைத் தொடாம, வட்டமா மூணு நாலு சுத்து. அப்புறம் வேற துணி, வெறும் டிஸ்டில்டு வாட்டர், அதே மாதிரி. இந்த ரெண்டாவது ரவுண்டைத்தான் எல்லாரும் சோம்பேறித்தனமா விட்டுடறாங்க. விட்டா சோப்பு காஞ்சு உள்ளேயே படலமா நிக்கும், கேட்கும்போது ஊசி நுனியில அதைச் சுரண்டி எடுக்கும். லேபிள் நனையவே கூடாது. அந்தக் காகிதத்துல இருக்கற ரெக்கார்டு நம்பர்தான் பின்னாடி யாராவது அது எந்தப் பதிவுன்னு கண்டுபிடிக்கறதுக்கான கீ. அதை அழிச்சுட்டா ப்ரைமரி கீ இல்லாத டேபிள் மாதிரி.

காய வைக்க, பாத்திரம் கவிழ்க்கிற கம்பி ஸ்டாண்டு சூப்பர். நிறுத்தி வைங்க. ஃபேன் போடாதீங்க, ரூம்ல இருக்கற அத்தனை தூசியும் ஈரத்துல ஒட்டும். வெயில் சுத்தமா வேணாம், ஹேர் டிரையரும் வேணாம். 60 டிகிரி பக்கம் போனாலே வினைல் நெளிய ஆரம்பிச்சிடும். மே மாசம் கண்ணாடி ஏத்தி நிறுத்தின கார்ல ஒரு மதியம் விட்டாலே போதும்.

78-க்கும் இதே முறைதான், மூணு வித்தியாசத்தோட. ஆல்கஹால் ஒரு சொட்டுகூட கிடையாது, "ரெக்கார்டு க்ளீனர்"னு பாட்டில்ல விக்கறதுல உள்ள என்ன இருக்குன்னு படிச்சே ஆகணும். ஊற வைக்கவே கூடாது: உள்ள இருக்கற பஞ்சு நார் தண்ணியைக் குடிக்கும், அதனால துணி ஈரமா இருந்தா போதும், துடைச்ச கையோட உலர்ந்த துணியால ஒத்தி எடுத்துடணும். மூணாவது, ஓரம் உடைஞ்சிருந்தாலோ விரிசல் இருந்தாலோ தண்ணியே வேணாம். சில கம்பெனித் தட்டுகளுக்குள்ள காகித அடுக்கு இருக்கும், விரிசல் வழியா தண்ணி போனா உப்பிடும்.

அப்படியே இன்னொண்ணு. 78-ஐக் கேட்கறதுக்கு உங்க எல்.பி. ஊசி ஆகாது. 78 குரூவ் கிட்டத்தட்ட மூணு மடங்கு அகலம், அதுக்கு 0.075 மில்லிமீட்டர் ஊசி வேணும். சின்ன ஊசி போட்டா அது சுவரைத் தொடாம அடியில இருக்கற குப்பையில உருண்டுட்டு வரும், நீங்களும் தட்டு கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டிருப்பீங்க. எதிர்ப்பக்கமும் உண்டு. கிராமபோன்ல போடற இரும்பு ஊசி, ஒவ்வொரு பக்கத்துக்கும் மாத்தறதுக்குன்னே டின் டின்னா வித்தது. தட்டுல இருக்கற கல் மாவு அந்த ஊசியை உரசி உரசிக் குரூவுக்கு ஏத்த வடிவத்துக்குக் கொண்டு வந்துடும். அந்த ஊசியை ஒரு எல்.பி. மேல வச்சீங்கன்னா அதோட அதுக்குக் காரியம் பண்ணிட வேண்டியதுதான்.

பூஞ்சை. நம்ம கடற்கரை ஊர்களோட சொந்தப் பிரச்சினை. வெள்ளைப் புள்ளி புள்ளியா, சில சமயம் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். அதுக்குச் சாப்பாடு உறையோட காகிதம், கைரேகையில இருக்கற எண்ணெய், ஒட்டியிருக்கற தூசி. மாஸ்க் போட்டுக்கோங்க, பால்கனிக்கோ மொட்டை மாடி நிழலுக்கோ கொண்டு போய் உலர் பிரஷ்ஷை அங்கதான் போடணும். பெட்ரூம்ல தட்டினா மத்த ரெக்கார்டுக்கும் பரவும், உங்க நுரையீரலுக்கும் போகும். அப்புறம் கழுவுங்க. பழைய உள் உறையைத் தூக்கிப் போட்டுடணும். கழுவின தட்டைத் திரும்ப அதே உறைக்குள்ள வைக்கறது, குளிச்சுட்டு அழுக்குச் சட்டையையே எடுத்து மாட்டிக்கற மாதிரி. உறையில பாட்டு விவரமோ கடை முத்திரையோ இருந்தா, அதைத் தனியா பிளாஸ்டிக் கவர்ல வச்சுக்கோங்க.

ஃபெவிகால் டெக்னிக் பத்தி நாலு பேர் கேட்டிருந்தீங்க. தட்டு மேல பசையை ஊத்திப் பரப்பி, காஞ்சதும் தோல் மாதிரி உரிச்சு எடுக்கறது. வினைல்ல வேலை செய்யும், உண்மை. வீடியோவுல பார்க்கவும் ஒரு மாதிரி திருப்தியா இருக்கும். ஆனா ஈரம் முழுசா போகறதுக்கு முன்னாடி உரிச்சா துண்டு துண்டா குரூவுக்குள்ள மாட்டிக்கும். அம்பது ரூபாய்க்கு வாங்கின தட்டுல விளையாடிப் பாருங்க. 78-ல வேண்டவே வேண்டாம்.

வேக்யூம் மெஷின், அல்ட்ராசோனிக் மெஷின் எல்லாம் நல்லாவே வேலை செய்யும். விலையும் அதுக்கேத்த மாதிரிதான். நூறு எல்.பி. இல்லாதவங்க அதைப் பத்தி யோசிக்கவே வேணாம்.

கழுவின அப்புறமும் சத்தம் வருதா? இங்கதான் எனக்குப் பிடிச்ச பகுதி, டீபக்கிங். ஸ்டாப்வாட்ச் எடுங்க. எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுத்து, அதாவது ஒரு சுத்துக்கு 1.8 செகண்ட். 'டிக்' சத்தம் சரியா 1.8 செகண்டுக்கு ஒரு தடவை வந்தா அது குறுக்குக் கீறல், கழுவிப் பிரயோஜனம் இல்லை. 78-ல அதே சத்தம் 0.77 செகண்டுக்கு ஒரு தடவை வரும். ஒழுங்கில்லாம பொரியற மாதிரி படபடன்னு வந்தா அழுக்கு மிச்சம் இருக்கு, இல்லைன்னா ஸ்டாட்டிக். இன்னொரு ரவுண்டு கழுவலாம். குரல் உச்சத்துக்குப் போகும்போது மட்டும் கரகரன்னு கிழியற மாதிரி இருந்தா, முதல்ல ஊசியைப் பாருங்க, நுனியில பஞ்சு உருண்டை தொங்கிட்டிருக்கலாம். சின்ன பிரஷ்ஷால பின்னாலேர்ந்து முன்னால மட்டும் தட்டி விடணும். அதுக்கப்புறமும் கிழிஞ்சா குரூவ் தேஞ்சிருச்சு. 78 தட்டுல தேய்மானம் கண்ணுக்கே தெரியும், கருப்பு போய் சாம்பல் பூத்திருக்கும். அது அழுக்கு இல்லை, தேய்க்காதீங்க. அந்தச் சாம்பலை மறைக்க ஷூ பாலிஷ் தடவி பளபளன்னு விக்கற வித்தையும் உண்டு, வாங்கும்போது ஒரு வெள்ளைக் கைக்குட்டை கையில இருக்கட்டும்.

கடைசியா, வைக்கிற இடம். நேரா நிறுத்தி, புத்தகம் மாதிரி. படுக்கப் போட்டு அடுக்கினா கீழ இருக்கற 78 விரிசல் விடும், எல்.பி. வளையும். சாய்ச்சு வச்சாலும் நாள்பட அப்படியே வளைஞ்சுடும். நூறு எல்.பி. அட்டையோட சேர்த்து சுமார் 25 கிலோ வரும், அதனால ஆணி அடிச்ச மெல்லிசு ஷெல்ஃப் தாங்குமான்னு பார்த்துக்கோங்க. உள் உறைக்குப் பாலித்தீனோ நல்ல காகிதமோ போதும். மெத்துன்னு, புது பிளாஸ்டிக் வாசனையோட வர்ற பி.வி.சி. கவர் வேணாம், அதுல மெத்துத்தன்மைக்குச் சேர்க்கிற ரசாயனம் காலப்போக்குல கசிஞ்சு தட்டு மேல மங்கலா கறை விடும்.

காப்பகங்கள் 20 டிகிரி பக்கத்துல வெப்பம், 40–50 சதவீதம் ஈரப்பதம்னு வச்சுக்கறாங்க. சென்னையில நமக்கு அது அமையாது. அமையறதைப் பார்ப்போம். மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற லாஃப்ட் கோடையில அடுப்பு, அங்கிருந்து இறக்கிடுங்க. ஐப்பசி கார்த்திகையில ஓதம் ஏறுற வெளிச்சுவரை ஒட்டின அலமாரியும் வேணாம். வீட்டோட நடுப்பக்கம், உள்சுவர், தரையிலேர்ந்து ஒரு அடியாவது மேல. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஏரியாவுல இருக்கறவங்களுக்கு அந்த ஒரு அடியும் பத்தாது, அது உங்களுக்கே தெரியும். மழை முடிஞ்சதும் தை மாசம் ஒரு நாள் எல்லாத்தையும் வெளியே எடுத்து, உறையைப் பிரிச்சு, புள்ளி விழுந்திருக்கான்னு வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க.

78-ஐ எப்படி டிஜிட்டலாக்குறது, எந்த ஊசி, எந்த சாம்பிள் ரேட்டுங்கறது அடுத்த எபிசோடுல. அதுவரைக்கும், போட்டோ அனுப்பின நண்பர் அந்த ஐசோப்ரொப்பைலை வீணாக்க வேணாம். கீபோர்டு துடைக்க அருமையா இருக்கும்.